உட்கார்ந்த ஜவுளிக்கடை

ஆடித் தள்ளுபடியின் முதல் ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில், ஆறு தளத்திலும் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டிருந்த வேளையில், நெல்லிக்கோட்டை தெற்கு ரதவீதியில் இருக்கிற தவசிமுத்து ஜவுளி மாளிகை மெதுவாக முழங்காலை மடக்கி உட்கார்ந்தது. ஒரு கண்ணாடி கீறவில்லை, ஒரு பொம்மை சாயவில்லை, நான்காம் மாடியில் மேனேஜர் வாய்க்குக் கொண்டுபோன டீ தளும்பக்கூட இல்லை. ஊரே அதைப் பார்த்தது, பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அதிர்ந்துபோய் நின்ற ஒரே ஆள் பிரம்மசக்திதான். ஏனென்றால் கடைசி வயரை முறுக்கியவள் அவள்.

பிரம்மசக்தி அதே ஊர்க்காரி, வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்துவிட்டுத் திருநெல்வேலியில் எட்வின் என்ற கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தாள். பெரிய கட்டடங்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும்படி செய்துகொடுப்பதுதான் எட்வினுடைய தொழில். எங்கே கூட்டம் கூடுகிறது, எங்கே புழுங்குகிறது, எங்கே ஆளில்லாமல் விளக்கு எரிகிறது என்பதைக் கட்டடமே உணர்ந்துகொண்டு, வேண்டிய இடத்துக்குக் குளிர்காற்றைத் திறந்துவிட்டு வேண்டாத இடத்தில் அடைத்துக்கொள்ளும். அதற்காகக் கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள் வைப்பார்கள். கன்ட்ரோலர் என்று பெயர். அந்தப் பெட்டிகளுக்கு மின்சாரம் கொண்டுபோவதுதான் பிரம்மசக்தியின் வேலை. பெரிய மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மரில் விட்டு இருபத்து நான்கு வோல்ட்டாகக் குறைத்து, சிவப்பு, கறுப்பு என்று இரண்டு மெல்லிய வயரில், பெட்டியிலிருந்து பெட்டிக்குத் தாவித் தாவிக் கொண்டுபோவாள். சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும்தான் சேர வேண்டும், ஒரு பெட்டியில் மாறிப்போனால் வரிசையே கருகிவிடும் என்பதால், மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை அது. மற்றபடி சாதுவான மின்சாரம். கை பட்டாலும் எறும்பு ஊர்ந்த மாதிரிகூட இருக்காது.

ஐந்தாம் மாடியில் தொடங்கி ஒவ்வொரு தளமாக இறங்கி வந்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் திருகை முறுக்கியதும் பச்சை விளக்கு கண்ணைத் திறந்தது. கடைசியாகத் தரைத்தளத்தில், வேட்டி துண்டு விற்கிற பகுதியின் உள்கூரையில் தலையை நுழைத்து, ஏணியில் நின்றபடி கடைசிப் பெட்டியின் கறுப்பு வயரை முறுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. காற்றுக்குழாய்களின் மூடிகளெல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. ஆறு தளத்துக் காற்றும் ஒன்றாகச் சேர்ந்து, நெடுந்தூரம் நடந்து வந்தவள் தலைச்சுமையை இறக்கி வைத்ததும் விடுவாளே ஒரு பெருமூச்சு, அப்படி ஒன்றை விட்டது. அப்புறம் நிறைமாதக்காரி இடுப்பில் ஒரு கையும் சுவரில் ஒரு கையுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து உட்காருவதுபோல், கட்டடம் உட்கார்ந்தது. ஏணியில் நின்றவளைக் குழந்தையை இறக்கிவிடுவது மாதிரித் தரையில் இறக்கிவிட்டது. தரைத்தளம் முன்பக்கமாக நீண்டு, பைக் நிறுத்துகிற இடத்தின் மேல் பரவி, ஒரு பெரிய மடியாகிவிட்டது. முதல் மாடியின் கண்ணாடிக் கதவு கிட்டத்தட்ட வீதி மட்டத்துக்கு வந்து நின்றது.

பிரம்மசக்தி தவழ்ந்து வெளியே வந்தாள். ஸ்க்ரூடிரைவர் கையிலேயே இருந்தது. அதைக் கீழே போட அவளால் முடியவில்லை, விரல்கள் பூட்டிக்கொண்டன. எதிரே டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே கட்டடத்தைப் பார்த்தார்.

"அண்ணே, கட்டடம் உக்காந்துட்டு" என்றாள்.

"ஆமா, பாத்தேன். எம்புட்டு நேரந்தான் நிக்கும் அதும்" என்றார் அவர். "ஒனக்குச் சீனி போடணுமா வேண்டாமா?"

உள்ளே போயிருந்தவர்கள் உள்ளேயே இருந்தார்கள். வெளியே இருந்தவர்கள் மடியில் ஏறி, முதல் மாடிக் கதவு வழியாக நேரே பட்டுப்புடவைப் பகுதிக்குள் நுழைந்தார்கள். படியேற முடியாமல் வருஷக்கணக்காக ஜவுளி எடுக்க வராமலிருந்த கிழவிகள் அன்றைக்கு வந்தார்கள். லிஃப்ட்காரர் ஒரு மாடி மிச்சம் என்று சொல்லி அதோடு விட்டுவிட்டார். பிரம்மசக்தி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். ஒரு முகத்திலாவது தன் நெஞ்சில் இடிக்கிற இடி தெரிகிறதா என்று தேடினாள். ஒரு பெண் புடவையை வெளிச்சத்தில் பிடித்து, இதே பச்சையில் முந்தி வேறு கலர் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எட்வினுக்குப் போன் போட்டாள். 

"எல்லாப் பெட்டியிலயும் பச்சை எரியுதா?" என்று கேட்டார் எட்வின்.

"எரியுது சார். ஆனா கட்டடம் உக்காந்துட்டு சார்."

"பச்சை எரிஞ்சா நம்ம வேலை முடிஞ்சுதும்மா. கட்டடத்துக்கு உணர்வு வரும்னு சொல்லித்தான நாம இந்த வேலைய வாங்குனோம். வந்துட்டு."

மறுநாள் நகராட்சியிலிருந்து இன்ஜினியர் வந்து நாடா பிடித்து அளந்தார். அனுமதித்த உயரத்தைவிடக் கூடினால்தான் விதிமீறல், குறைந்தால் குற்றமில்லை என்று சொல்லிவிட்டு, தன் வீட்டுக்காரிக்கு இரண்டு நைட்டி எடுத்துக்கொண்டு போனார். அதற்கடுத்த நாள் யாரோ மடியின் ஓரத்தில், முட்டி என்று தோன்றுகிற தூணில், மஞ்சள் கயிறு கட்டினார்கள். மூட்டுவலிக்காரர்கள் வந்து வேண்டிக்கொள்ளத் தொடங்கினார்கள், வேண்டியவர்கள் தைலம் கொண்டுவந்து தூணில் தேய்த்தார்கள், அந்த வாரம் முடிவதற்குள் தெற்கு ரதவீதி முழுக்க யூக்கலிப்டஸ் வாசம் அடித்தது. கிறிஸ்தவர்கள் மெழுகுவர்த்தி வைத்தார்கள். பாய் வீட்டுப் பெண்கள் மடியில் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு நிம்மதியாக ஜவுளி எடுத்தார்கள். பஸ் கண்டக்டர்கள் 'உக்காந்த கடை இறங்கு' என்று கூவினார்கள். அதனால் வீதிக்கோடியில் இருந்த போட்டிக் கடைக்கு ஒரு குற்றமும் செய்யாமலே 'நின்ன கடை' என்று பெயர் விழுந்து, அந்த முதலாளி மனம் நொந்து போனார்.

பிரம்மசக்தியால் மட்டும் சோறு தின்ன முடியவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். சுவர் ஏதாவது செய்துவிடுமோ என்று இருந்தது.

"ஷாக் அடிச்சிருக்குமோ புள்ளைக்கு" என்று அவள் அம்மா பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"இருபத்து நாலு வோல்ட்ல ஷாக் அடிக்காதும்மா."

"அப்புறம் ஏன் இப்படி முழிச்சுக்கிட்டு இருக்க? உக்காந்தா உக்காந்துட்டுப் போவுது."

அந்தப் பக்கத்து வீடு தங்கபுஷ்பத்தின் வீடு. பிரம்மசக்தியின் பெரியம்மா மகள். கல்யாணமாகி, புருஷன் தவறிப்போய், முதலாளி தவசிமுத்து அண்ணாச்சியின் பழைய கடையில் சேர்ந்து, பழைய கடையிலிருந்து புது மாளிகைக்கு வந்து, தரைத்தளத்தில் வேட்டி துண்டு பிரித்துக் காட்டுகிறவள். காலையில் கடை திறக்கையில் நிற்கத் தொடங்கினால் ஷட்டர் இறங்கும் வரை நிற்க வேண்டும். உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டபோது, மாடிக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். அந்த ஸ்டூல்களில் சுடிதார் போட்ட பொம்மைகள் உட்கார்ந்திருந்தன. புஷ்பத்தின் கெண்டைக்காலில் நரம்புகள் பச்சைப் புழுக்கள் மாதிரிச் சுருண்டு கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டுதான் பேசவே தொடங்குவாள். சுவரில் அவள் குதிகால் படுகிற இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்து செங்கல் தெரிந்தது.

கட்டடம் உட்கார்ந்த பிறகு தரைத்தளத்தில் யாராலும் நிமிர்ந்து நிற்க முடியவில்லை, கூரை தலையில் இடித்தது. ஆகவே அங்கே வேலை செய்தவர்கள் வேறு வழியில்லாமல் விரிப்பைப் போட்டு உட்கார்ந்தார்கள். வேட்டி வாங்க வந்தவர்களும் குனிந்து நுழைந்து எதிரே உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவன் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டான் அல்லவா, இன்னொன்று காட்டு, அதையும் காட்டு என்று ஒன்றுக்கு நாலாக வாங்கினான். ஒரு சாயங்காலம் பிரம்மசக்தி புஷ்பத்தின் வீட்டுக்குள் நுழைந்தபோது, புஷ்பம் நடுவீட்டில் நின்று, எம்பி, உத்தரத்தில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, கால்?" என்றாள் பிரம்மசக்தி.

"இருக்கு" என்றாள் புஷ்பம். "இத்தன வருசமா அது எனக்கு இருக்குன்னே வலிச்சாத்தான் தெரியும். இப்ப சும்மாவே இருக்கு."

பிரம்மசக்தி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். கட்டடம் உட்கார்ந்ததைவிட இது அவளை அதிகமாக உலுக்கியது.

சங்கதி மேல்மாடிகளுக்குப் பரவியது. உட்கார்ந்திருக்கிற கட்டடத்துக்குள் நிற்பது, ஒருத்தர் மடியில் ஏறி நிற்கிற மாதிரிக் கூச்சமாக இருக்கிறது என்று பட்டுப்புடவைப் பகுதிப் பெண்கள் சொன்னார்கள். முதலில் ஒருத்தி, யாரும் பார்க்காதபோது, துணிமூட்டை மேல். அப்புறம் இரண்டு பேர் கம்பளத்தின் ஓரத்தில். அப்புறம் ரெடிமேட் பகுதி, பிறகு பில் போடுகிற பெண்கள், பிறகு வாசலில் கதவு திறந்துவிடுகிற காவலாளி. யாரும் யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுவார்களே. பொம்மைகளை எழுப்பி ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். மாளிகை முழுக்க, மழை நின்ற பிறகு மரத்தில் பறவைகள் அடங்குவதுபோல், பெண்கள் அடங்கி உட்கார்ந்தார்கள்.

தவசிமுத்து அண்ணாச்சி ஐந்தாம் மாடியில் தன் அறையிலிருந்து கேமராவில் இதையெல்லாம் பார்த்தார். பிரம்மசக்தியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் போனபோது அவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். அந்த அறையில் மேஜை இருந்தது, நாற்காலி இல்லை. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக விற்று மேலே வந்த மனுஷர். கடை நேரத்தில் அவர் உட்கார்ந்து யாரும் கண்டதில்லை.

"கட்டடம் உக்காந்துச்சு, சரி, நான் ஒண்ணும் சொல்லல. யாவாரமும் கூடிருக்கு. ஆனா ஆளுவ ஏம்மா உக்காருதாவ?"

"கால் வலிக்கும்லா அண்ணாச்சி."

"எனக்கு வலிக்கலியா?" கோபமே இல்லாமல் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார். "உக்காந்தவன்கிட்ட லெச்சுமி நிக்க மாட்டா. அந்த இருபத்து நாலு வோல்ட்ட எடுத்துரு. எந்திரிச்சிரும்."

"எடுத்தா என்னாவும்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

"வச்சா என்னாவும்னு மட்டும் தெரிஞ்சா வச்ச?"

அவள் வெளியே வந்து எட்வினைக் கூப்பிட்டாள். எட்வின் போனில் சொன்னார், அண்ணாச்சிக்கு இன்னும் மூன்று ஊரில் மாளிகை வருகிறது, அவர் என்ன சொல்கிறாரோ அதைச் செய். அன்று சாயங்காலம் பிரம்மசக்தி புஷ்பத்திடம் போய்ச் சொன்னாள். புஷ்பம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"ஒன் சோலிய நீ செய்யி."

"நான் செஞ்சா நீ நிக்கணும்க்கா."

"நின்னவதான."

மறுநாள் முற்பகலில், கடையில் நல்ல கூட்டம் இருக்கும்போதே, பிரம்மசக்தி குனிந்து தரைத்தளத்துக்குள் நுழைந்தாள். அண்ணாச்சி முதல் மாடி வாசலில், எல்லாரையும் எழுப்புவதற்காகத் தொண்டையைச் செருமி வைத்துக்கொண்டு தயாராக நின்றார். புஷ்பம் தன் விரிப்பில் உட்கார்ந்து ஒரு வேட்டியை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே, மகனுக்குக் கல்யாண வேட்டி எடுக்க வந்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பிரம்மசக்தி அவர்களைக் கடந்து தவழ்ந்து போய், டிரான்ஸ்ஃபார்மர் இருந்த பேனலைத் திறந்து, கறுப்பு வயரின் திருகைத் தளர்த்தினாள்.  சிவப்பை எடுப்பதற்குள் பச்சை விளக்குகள் தளம் தளமாக அணைந்தன. காற்றுக்குழாய்களின் மூடிகள் விழுந்த சத்தம், தூரத்தில் யாரோ பெட்டிகளைப் பூட்டிக்கொண்டே போவதுபோல் மேலே மேலே போனது.

கட்டடம் எழுந்தது. இந்த முறை பெருமூச்சு இல்லை. பெருமூச்சு விட அதற்குள் யாரும் இல்லாதது போல, லாரியில் ஏற்றிய அலமாரியை இறக்கி நிறுத்துவதுபோல், நேராக, விறைப்பாக எழுந்து நின்றது. மடி உள்ளே இழுத்துக்கொண்டது. கூரை உயரே போனது.

கட்டடம் எழுந்த அதே கணத்தில், அண்ணாச்சி வாயைத் திறப்பதற்கு முன்னால், யாரும் யாரையும் பார்க்காமல், மாளிகையின் மேல்மாடிகளில் அத்தனை பெண்களும் எழுந்து நின்றார்கள். மாடிப்படியின் நடுவெளி வழியாகப் பிரம்மசக்தி மேலே பார்த்தாள். தளம் தளமாகக் கைப்பிடிக்கு மேலே தலைகள் எழும்புவது தெரிந்தது. பில் போட்டவள் பாதி எண்ணில் எழுந்தாள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் குடித்தபடியே எழுந்தாள். அவர்கள் எழ நினைக்கவில்லை, கால்களே எழுந்தன. சிலர் எழுந்து நின்ற பிறகுதான் தாங்கள் எழுந்ததை உணர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.  அண்ணாச்சி சொல்வதற்காக வாய்க்குள் சேர்த்து வைத்திருந்த வார்த்தை செலவாகாமல் அங்கேயே கிடந்தது. ஒரு கட்டடம் உட்காருவதையும் எழுவதையும் பார்த்த பிரம்மசக்திக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. கத்தாமல், அதட்டாமல், இத்தனை பேரை எழுப்பி நிறுத்துகிற அந்த வயர் எங்கே ஓடுகிறது, எந்த வயதில் யார் அதைப் பொருத்தினார்கள் என்று அவளுக்குக் குலை நடுங்கியது.

அண்ணாச்சி படியிறங்கி வந்தார். தரைத்தளத்திலும் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். புஷ்பம் மட்டும் விரிப்பில் உட்கார்ந்திருந்தாள். வேட்டி மடித்து முடிந்திருந்தது.

"ஏம்மா புஷ்பம்" என்றார். "கட்டடமே எந்திரிச்சிட்டு. எந்திரி."

"கட்டடத்துக்கு வயரப் பிடுங்கிட்டிய, அண்ணாச்சி. அதுக்குக் கால் வலி தெரியாமப் போச்சு, நின்னுட்டு." புஷ்பம் வேட்டியை மடியில் வைத்து நீவினாள். "எனக்குப் பிடுங்க வயரு இல்லியே. எனக்குத் தெரியுதே."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் காற்றுக்குழாய்கள் ஓய்ந்து போயிருந்ததால் அந்தப் பேச்சு மாடிப்படி வழியாக மேலே போனது.

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். அப்புறம் அவள் கால்களைப் பார்த்தார். பழைய கடையில், புருஷன் செத்த நாற்பதாம் நாள் வந்து வேலை கேட்ட பெண்ணை அவர்தான் சேர்த்துக்கொண்டார். அத்தனை காலமும் அவள் முகம் அவருக்குத் தெரியும், கைகள் தெரியும், கவுண்டருக்குப் பின்னால் நின்றவளின் காலை அவர் கண்டதில்லை. ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள், எல்லாரும் எழுந்தபோது தானும் தடுமாறி எழுந்து நின்றுவிட்ட பெரியவர், ஒரு கையைத் தரையில் ஊன்றி மறுபடி உட்கார்ந்தார்.

"அந்த ரெண்டு விரக்கடை கரை வேட்டிய இன்னொரு தடவ காட்டு தாயி" என்றார்.

புஷ்பம் வேட்டியைப் பிரித்தாள்.

பிரம்மசக்தி பேனலின் கதவைச் சாத்தினாள். மறுபடி வயரைப் பொருத்தினால் கட்டடம் மறுபடி உட்காரக்கூடும். விரல்கள் அதற்குத் துடிக்கத்தான் செய்தன. ஆனால் அவள் அந்தக் கறுப்பு முனையில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி உள்ளே தள்ளிவிட்டு, நடந்து வந்து, விரிப்பில் புஷ்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையில் இருந்த போனில் எட்வின் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் எடுக்கவில்லை. உட்கார்ந்ததும்தான் உடம்பின் நடுக்கம் எங்கே இருந்தது என்று தெரிந்தது, முழங்காலுக்குக் கீழே இருந்தது.

துண்டு விற்கிற பெண் ஒருத்தி ஓரக்கண்ணால் அண்ணாச்சியைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே தாழ்ந்தாள், பாதியில் நின்றாள், அவர் ஒன்றும் சொல்லாததால் மீதியையும் உட்கார்ந்தாள். முதல் மாடியிலிருந்து அதைப் பார்த்தவர்களும் ஒவ்வொருவராகத் தாழத் தொடங்கினார்கள். கட்டடம் உட்கார்ந்திருந்த நாட்களில் நடந்ததுபோல் சுலபமாக நடக்கவில்லை. சில பெண்கள் உட்கார்ந்து, பயந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்கள். ஒருத்தி அழுதாள். ஒருத்தி கடைசி வரை கைப்பிடியை விடவில்லை, பக்கத்துப் பெண்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு உட்கார வைத்தாள். குளிர்காற்று நின்றுபோன மாளிகையில் வேர்க்க வேர்க்க, புடவைகளைத் தரையில் விரித்து, வந்தவர்களையும் உட்காரச் சொல்லி வியாபாரம் செய்தார்கள்.

வெயில் சாய்ந்து, வீதி விளக்குகள் எரியத் தொடங்கியபோது, தெற்கு ரதவீதியில் நின்றுகொண்டிருந்தது அந்தக் கட்டடமும், அதற்குள்ளே தவசிமுத்து அண்ணாச்சியும் மட்டுந்தான்.